பின்புறம் இல்லாத கார்

மார்ச் 3
இன்று புதிய காரின் முழு அளவுக் களிமண் மாதிரிக்கு முன்னால் நின்று வந்த வேலையையே மறந்துவிட்டேன். முன் சக்கரத்தின் மேல் எழும் ஒரு கோடு கதவைத் தாண்டி, பின் சக்கரத்தின் தோள்வரை எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. விளக்கை நகர்த்தினால் வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகிறது. வடிவமைத்தது என் அண்ணி. அண்ணன் மனைவி என்பதற்காகப் புகழவில்லை. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஆபீசுக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கை இருக்கிறதே, அப்பா!

அதில்தான் நான் ஓட்டை கேட்கவேண்டும். எஞ்சின் சூட்டைத் தணிப்பது என் பொறுப்பு. இருக்கைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், அடுப்பேதான். பக்கவாட்டில் காற்று உள்ளே போகிறது, வெளியேறத்தான் வழியில்லை.

மார்ச் 4
கேட்டேன். தோளுக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில் இரண்டே ஓட்டை.

"என் மூஞ்சில போட்டுக்கோ. அந்தக் கோட்டுல மட்டும் கை வைக்காத" என்றாள் அண்ணி.

மார்ச் 9
ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள். அண்ணன் பல் டாக்டர். "நான் ஓட்டைய அடைச்சுப் பொழைக்கிறேன், நீ ஓட்டை போட்டுப் பொழைக்கிற. நடுவுல இவளுக்கு ஓட்டைன்னாலே ஆகாது. என் நிலைமைய யோசிச்சுப் பாரு" என்றான். அவள் சிரித்துவிடுவாள் என்று பார்த்தேன். கரண்டியைத்தான் டொக்கென்று வைத்தாள்.

மார்ச் 17
வெயில் மைதானத்தில், அதே வடிவத்தில் செய்த சோதனை வண்டியின் ஓட்டம். நன்றாகத்தான் போனது — பிறகு வெப்பமுள் சிவப்பில் ஏறியது, இறங்கவேயில்லை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, "உள்ள உக்காந்தா முதுகு வேகுதும்மா" என்றார்.

தலைமைப் பொறியாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அடுத்த ஓட்டத்துலயும் கொதிச்சா சின்ன எஞ்சின்தான். வேற வழியில்ல" என்றார். சின்ன எஞ்சின் என்றால் இது வேறு வண்டி. இந்த நீளம், அந்தக் கோடு, எல்லாமே பெரிய எஞ்சினைச் சுற்றிப் பிறந்தவை. அண்ணிக்கும் அது தெரியும்.

மார்ச் 18
பெரிய விசிறி வைக்கலாமா? எடை ஏறும். வண்டியின் எடைக்குப் பொறுப்பானவர் என்னைக் கொன்றே போடுவார்.

மார்ச் 20
சண்டை. எல்லார் முன்னாலும். "உங்க கோட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க அண்ணி, வண்டி கொதிச்சுச் சாகட்டும்"னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு மட்டும் அந்தக் கோடு பிடிக்காதா என்ன? கெட்டுப்போனா எனக்கும்தானே வயிறு எரியும்... அவ வரைபடத்தச் சுருட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. அதுதான் தாங்கல.

மார்ச் 24
இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

சோதனை வண்டி மைதானத்திலிருந்து லாரியில் திரும்பி வந்தது. கழுவுகிறவர் குழாயைத் திறக்கப்போனார். "தண்ணி ஊத்தாதீங்க!" என்று அண்ணி ஓடிவந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கமும் பக்கவாட்டும் லேசான புழுதிதான். பின்புறத் தகட்டில் மட்டும் மாவு அப்பியதுபோல் தூசி. அதை விரலால் வழித்துப் பார்த்தாள்.

"இங்க ஏன் இவ்வளவு?" — சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"வேகமா போறப்ப வண்டிக்குப் பின்னால காத்தழுத்தம் குறைஞ்சிடும் அண்ணி. அதான் தூசிய இழுக்குது."

"தூசிய இழுக்கிறது சூட்டையும் இழுக்குமா?"

இழுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் கோட்டைப்போலவே பின்புறத் தகடும் அவளுக்கு உயிர். அதைக் கேட்கவே பயந்து, இடமில்லாத இடத்தில் இரண்டு ஓட்டைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இழுக்கும் என்றேன்.

அவள் தகட்டின் விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டினாள். வெட்டும் கருவியைக் கேட்டு வாங்கினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. முழுத் தகடும் தரையில் விழுந்தது. உள்ளே எஞ்சினும் குழாய்களும் அப்பட்டமாகத் தெரிந்தன.

"ரெண்டு உள்ளங்கை கேட்ட. இது போதுமா?"

கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கண் கலங்கிவிட்டது, குனிந்து கருவியை எடுப்பதுபோல் சமாளித்தேன்.

ஏப்ரல் 21
அதே மைதானம், அதே வெயில். பின்புறத்தில் ஒரு கம்பி வலை, ஓரங்களில் இரண்டு மெல்லிய விளக்குகள், அவ்வளவுதான். இதைவிட அழகான பின்புறத்தை நான் பார்த்ததில்லை. ஓட்டுநர் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். முள் பாதியில் நின்றது, அசையவில்லை. பெரிய எஞ்சின் தங்கிவிட்டது. தலைமைப் பொறியாளர் அண்ணிக்குக் கை கொடுத்தார். அவள் என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

மே 12
அடுத்த வண்டிக்கு அனுமதி வந்துவிட்டது. காலையில் அண்ணி என் அறைக்கு வந்தாள். இதுவரை வந்ததேயில்லை, நான்தான் போய் நிற்பேன். நாற்காலியில் இருந்த என் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் தாளை மேசையில் விரித்துப் பென்சிலை என் பக்கம் நகர்த்தினாள்.

"சூடு எங்க வெளிய போகணும்? நீ மொதல்ல போடு. அங்கேருந்து நான் ஆரம்பிக்கிறேன்."

இத்தனை நாள் கெஞ்சியவள் நான். அவளே வந்து கேட்டதும் கை ஓடவில்லை. "ஒரு நாள் டைம் குடுங்க அண்ணி" என்றேன்.