குரல் போன வீட்டில்

புற்றுநோய்க்காகச் சின்னையாவின் குரல்வளையை எடுத்து மூன்று மாதமாகிறது. அவருக்கு எழுபத்து மூன்று வயது. அன்று காலை கஞ்சியை அவர் தள்ளி வைத்தபோது மனைவி பவளம் பொறுமையிழந்து, “என்ன செய்யுதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?” என்று கத்திவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், பழைய காலண்டர் தாளில் எழுதி அவர் தலைமாட்டில் வைத்தாள்.

“ஒங்க மருந்து எடுக்க அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போறேங்க. கஞ்சி பிளாஸ்க்குல இருக்கு, ஆத்திக் குடிங்க. வெளிய பனி. கழுத்து ஓட்டையில துணியக் கட்டாம வாசலுக்குப் போகாதீங்க. முடியலன்னா செவுத்தத் தட்டுங்க, அடுத்த வீட்டுக் காம்பராவுலருந்து லோஜினி வருவா. சாவி அவகிட்ட இருக்கு.”

தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்: “நாப்பத்தாறு வருசமா பேசிக்கிட்டே இருந்த மனுசனாச்சே, கொரலு போனத மறந்துபோய்க் கத்திட்டேங்க. இனிமே கத்த மாட்டேன்.”

சாயங்காலம் அவள் திரும்பியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கஞ்சி பாதி குறைந்திருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “கத்து புள்ள. நீயும் பேசாமப் போயிட்டா நான் யாரு சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்குறது?”