நடுவிட்டத்தில் நான் வைத்த உளி

என் அன்பு மச்சான் கன்னியப்பா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பூந்தமல்லியில் நாம் இருவரும் மாடி எடுத்த அரிசி மண்டிக்காரர் வீட்டில் போன வாரம் கிரகப்பிரவேசம். தாசில்தார்கூட வந்தாராம். வந்தவர்களிடமெல்லாம் மண்டிக்காரர், "செத்தவனுக்கு மரம் பாக்கத் தெரியல. கணு இருந்த மரத்தப் போட்டுட்டான்" என்றாராம். அது என் தங்கச்சி, உன் அம்சாவின் காதுக்கும் எட்டிவிட்டது. அந்தக் கணுக் கதையைக் கட்டியது யார் தெரியுமா? நான்தான்.

நடுக்கூடத்தில் கரண்டு விளக்கு தொங்க வேண்டும், கம்பி போகும் குழாய் கண்ணில் படக்கூடாது, பலகைத் தளத்தைத் தாங்கும் விட்டங்களின் அடியில் பள்ளமாகக் காடி வெட்டிப் புதைத்துவிடுங்கள் என்றாரே அவர், நினைவிருக்கிறதா? நீ ஒப்பவில்லை. "நடுவுல உளியே படக்கூடாதுங்க. வெட்டணும்னா செவுத்தாண்ட, மேல்பக்கமா, எட்டுல ஒரு பங்கு ஆழம். அதுக்கு மேல கூடாது. அடியில வெட்டினா பாரம் ஏறுனதும் பொளந்துக்கும்" என்றாய்.

மறுநாள் காலை நீ ஆணி வாங்க நசரத்பேட்டைக்குப் போயிருந்தாய். மண்டிக்காரர் என்னிடம் வந்தார். "நீதானே பெரியவன்? தங்கச்சி புருசனக் கேட்டுக்கினுதான் உளி புடிப்பியா?" என்றார்.

எனக்கு அது போதுமாயிருந்தது. நான்கு விட்டங்களை நட்டநடுவில், அடிப்பக்கம், பாதி ஆழத்துக்கு வெட்டினேன். நீ வருவதற்குள் குழாயைப் பதித்துக் கீழே பலகை அடித்து மூடியும் விட்டேன்.

மதியம் நீ மேலே பலகைகளைச் சுமந்து போய் அடுக்கினாய். நான் கீழேதான் நின்றேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேனே, அது பயமா, வீம்பா? அதற்குள் விட்டம் முறிந்து, பலகைகளோடு நீ கீழே விழுந்தாய்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஜட்கா வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"எது மச்சான் முறிஞ்சுது?"

"நடு விட்டம். உள்ள கணு இருந்துகீது."

"நான்தானே தட்டிப் பாத்து எடுத்தேன்... எனக்குத் தெரியலியே."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. தப்பு உன்னுடையது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். வெட்டு யார் கண்ணிலும் படாமலிருக்க, முறிந்த மரத்தை மண்டிக்காரர் அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். நானும் கேட்டவர்களிடமெல்லாம் கணு என்றே சொன்னேன்.

நேற்று அம்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. "இத எங்கிட்ட சொல்லி இன்னா? ஊரே அவரத் தப்பாப் பேசிக்கினு கீது. அங்க போய்ச் சொல்லு. அதுவரைக்கும் எங்க ஊட்டுப் படி ஏறாதே" என்றாள்.

நாளைக் காலை மண்டி திறக்கும் நேரத்துக்குப் போகிறேன். அரிசி வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், மரம் நல்ல மரம், அதைக் கெடுத்தது என் கை, கெடுக்கச் சொன்னது இவர் வாய் என்று சொல்வேன். அடித்துத் துரத்தினால் மறுநாளும் போவேன். உன் பெயர் சுத்தமாகும்வரை போவேன், மச்சான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

உன் அம்சாவோடு கூடப்பிறந்த பாவி,
முருகேசன்