தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு

ஒக்ரோபர் 24, வெள்ளி

இரவு மழை. கிணற்றடி முழுக்க வழுக்கல். காற்று இல்லை, புழுக்கம்.

எனக்குப் புற்றுநோய் இல்லை. கோயிலடியில் அப்படித்தான் கதை. மகள் காசு அனுப்புவதில்லை, அதனால் பட்டினி என்றும் ஒரு கதை. இரண்டும் பொய். நடந்தது இவ்வளவுதான்: மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில் இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேஷன் செய்தேன். அப்போது நூற்று இருபத்திரண்டு கிலோ. இப்போது அறுபத்தொன்று. பாதி நான் போய்விட்டேன். மீதி இருக்கும் பாதிக்குத் தோல் அதிகம்.

காலைப் பூசை முடிந்து வரும்போது எமல்டா மறித்தாள்.

"போஸ்ட்மாஸ்ரர் அம்மா, உங்கட பேருக்கு நவநாள் வைச்சிருக்கிறன்."

"என்னத்துக்கு?"

"சுகம் கிடைக்க."

"நான் சுகமாய்த்தான் இருக்கிறன். அதை உங்கட மருமோனுக்கு வேலை கிடைக்க மாத்தி வையுங்கோ."

முகம் கறுத்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் அளவுக்கு இதில் பாவம் இருப்பதாகத் தெரியவில்லை.

நாளை யாழ்ப்பாணம், தோல் வெட்டும் டொக்டரிடம். கூட பிலோமினா வருகிறாள், என் கணவருடைய தங்கையின் மகள். இந்த வீட்டில் என்னோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். இனிப் பி. என்று எழுதுவேன், பெயர் நீளம்.

எடுக்க: இரத்தப் பரிசோதனை முடிவுகள். பவுடர். மாற்றுத் துணி நான்கு. குடை. வாய்க்கு ஒன்றும் வேண்டாம், பி. எப்படியும் கட்டிக்கொண்டு வருவாள்.

ஒக்ரோபர் 25, சனி

மன்னாரிலிருந்து போகும் வழியில் வெள்ளாங்குளத்தில் வான் நின்றது. பிளேன்ரீ குடித்தோம். பி. ரொட்டி கட்டி வந்திருந்தாள்.

டொக்டரின் வாசலில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், மெதுவாகப் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு.

"அந்த அம்மாவுக்கு என்ன வருத்தமாம்?"

"வருத்தமில்லை. தோலை வெட்டி வடிவாகப் போறாவாம்."

"இந்த வயசிலயோ? மாப்பிள்ளை பாக்கினமோ?"

திரும்பினேன். "ஓம், பாக்கினம். நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கோ."

பி. சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

டொக்டர் இளம்பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கைகளைச் சுடுநீரில் கழுவிவிட்டுத்தான் தொட்டார். குளிராது என்று சொன்னார். திரைக்குப் பின்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார். முன்னால், பக்கவாட்டில், குனிந்து, கைகளை விரித்து. கன்னியர் மட விடுதியில் எங்களை உள்சட்டையோடு குளிக்கப் பழக்கினார்கள். என் உடம்பை நானே வெளிச்சத்தில் பார்த்தது குறைவு. இன்று ஒரு கமெரா பார்த்தது. அவருக்கு இது தொழில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். கண்ணைக் கூரையில் வைத்திருந்தேன். பல்லி ஒன்று இருந்தது.

அவர் சொன்னது: வயதும் இருக்கிறது, சீனி வருத்தமும் இருக்கிறது, எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒரு இடம். மிஞ்சினால் ஒரு வருடம் கழித்து இன்னொன்று. "எது முதல் எண்டு நீங்கள்தான் சொல்லோணும் அம்மா."

அங்கேயே யோசித்து எடுத்த முடிவுகள், வானில் திரும்பும்போது எழுதுகிறேன்:

கழுத்து: வேண்டாம். வான்கோழி மாதிரித்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்பு: பார்க்க ஆள் இல்லை.

தொடை: நடக்கும்போது உரசுகிறது. நீளக் காற்சட்டை ஒன்று உள்ளே போட்டால் போதும்.

கைகள்: ஆசை உண்டு. முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்திய கை, இப்போது அசைத்தால் கீழே ஒரு துண்டு தனியாக அசைகிறது. முழங்கை தாண்டிய சட்டையால் மறைக்கிறேன். மறைக்கலாம்.

வயிறு: இதுதான் அலுப்பு. மடிப்பு தொடை வரை தொங்குகிறது. உள்ளே வியர்வை, புண், மணம். போன மாதம் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெட்டாவிட்டால் திரும்பத் திரும்ப வரும், ஒருநாள் இரத்தத்தில் ஏறிவிடும் என்று டொக்டர் சொன்னார்.

வயிறு என்றேன். அவர் ஊதாப் பேனையால் கோடு போட்டுக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை, தோணி மாதிரி. அந்தத் தோணிக்குள் இருப்பதெல்லாம் போகுமாம்.

மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். "பழைய சிசேரியனோ அம்மா? நல்லது, அதுவும் சேர்ந்து போயிடும். புதுசாய் ஒரே ஒரு கோடுதான்."

சந்தோஷமான செய்தி சொல்வது போலச் சொன்னார். நான் சேலையைச் செருகினேன். திகதி குறித்துக்கொண்டு பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

பூசைக்குக் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன், வாசலோரம். அங்கேதான் இப்போது இருக்கிறேன். காற்று வெளியே போகும், மணம் யாருக்கும் போகாது. முன்வாங்கில் இருந்தவள் பின்னுக்கு வந்ததற்கும் ஒரு கதை உலாவும்.

குளித்தேன். பேனைக் கோடு போகவில்லை. தேய்க்கவும் இல்லை.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

மழை இல்லை. கழுதைகள் மதிலோரம் வந்து நின்று போயின.

கைக்கண்ணாடியைக் கட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பி. சந்தைக்குப் போயிருந்தாள்.

தழும்பு நேர்க்கோடு. தொப்புளுக்குச் சற்றுக் கீழே தொடங்கி நேரே இறங்குகிறது. அந்தக் காலத்தில் அவசரத்துக்கு அப்படித்தான் வெட்டினார்கள். தையல் போட்ட இடங்கள் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக.

பருத்திருந்த காலத்தில் நான் இதைப் பார்த்ததேயில்லை. வயிறு மறைத்துவிட்டது. முப்பது வருடம் இருக்கும். மெலிந்தபிறகுதான் திரும்பக் கிடைத்தது. கிடைத்ததை மூன்று வருடம் வைத்திருந்தேன்.

யூட். பெயர் வைத்தது நான் அல்ல, தாதியாக இருந்த சிஸ்டர். குழாய்த் தண்ணீரில் அவசர ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. விடியும்வரை இருந்தான். எனக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை; துணியில் சுற்றி ஒருமுறை காட்டினார்கள். நெற்றி என் கணவருடையது. அவ்வளவுதான் பார்த்தேன். படம் எடுக்க யாரிடமும் கமெரா இல்லை.

அவர் தனியாகக் கொண்டுபோய் சேமக்காலையில் அடக்கினார். கிழக்கு மூலையில் உடைமரத்துக்குக் கீழே என்றார். நான் எழும்பி நடக்கமுன் சண்டை, இடம்பெயர்வு. வருடங்கள் கழித்துத் திரும்பியபோது உடைமரம் இல்லை. அந்த மூலையில் சண்டைக்கு மண் அணை கட்டியிருந்தார்கள். அவர் அங்கும் இங்கும் நடந்தார். இதிலயாய் இருக்கும், இல்லை, கொஞ்சம் தள்ளி என்றார். பிறகு என்னை அங்கே கூட்டிப் போகவே இல்லை. அவரும் போய் ஐந்து வருடம்.

கல்லறை இல்லை. படம் இல்லை. பிறப்புப் பதிவு, பதிவுக் கந்தோரோடு எரிந்தது.

கோடு மங்குகிறது.

ஒக்ரோபர் 29, புதன்

மகள் நிர்மலா கனடாவிலிருந்து. இனி நி.

பேத்திக்கு ஆனியில் கல்யாணம். நான் போகவேண்டும், படங்களில் நிற்கவேண்டும்.

"அம்மா, கையைச் செய்யுங்கோ. கழுத்தையும் கேட்டுப் பாருங்கோ. வயிறு சேலைக்குள்ளதானே, ஆர் பாக்கப்போகினம்?"

"புண்ணை நான் பாக்கிறன்."

"அதுக்கு மருந்து இருக்குத்தானே."

"மருந்து இருக்கு. நான் அதோட முப்பது நாளும் இருக்கிறன். நீ படத்தோட ஒரு நாள் இருப்பாய்."

கோபித்துக்கொண்டாள். நானும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். தழும்பைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஒக்ரோபர் 31, வெள்ளி

மறுபடி புண், வலது பக்கம். பி. பூச்சு மருந்து பூசிவிட்டு மடிப்புக்குள் துணி வைத்தாள். துணி, அவர் இடுப்பில் உடுத்த பழைய சாரம். கடைப் பஞ்சு ஒட்டிக்கொள்கிறது. துவைத்துத் துவைத்து மெலிந்த சாரம்தான் உடம்புக்கு இதம். பி. நாடா நாடாவாகக் கிழித்து வெயிலில் காயப்போடுகிறாள். கடைசி இரண்டு சாரம் மிச்சம். நீலக் கட்டம் ஒன்றை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அதைத் தொடவேண்டாம் என்று சொல்லியும் இருக்கிறேன்.

"மாமி, மாமா இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?"

"சீமெந்து மூட்டை ஓட்டையாப் போச்செண்டு சொல்லியிருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார், சீமெந்து மூட்டை. மெலிந்த என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டிருப்பார்.

பி. தழும்பின் மேல் மருந்து படாமல் சுற்றிப் பூசினாள். கேட்காமலே. அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்த விசுவாசிகள் நாள். பின்னேரம் சேமக்காலை. தூறல். மெழுகுதிரிகள் அணைய அணையப் பிள்ளைகள் ஓடி ஓடிக் கொளுத்தின. அவருடைய கல்லறைக்கு வைத்த மாலையை நாங்கள் செபமாலை முடிக்கமுன் ஒரு கழுதை தின்றுவிட்டது. பி. துரத்தினாள். அவர் இருந்தால் கழுதையின் பக்கம்தான் பேசியிருப்பார்.

கல்லறை தெரியாதவர்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய குருசின் அடியில் திரி வைப்பது எங்கள் வழக்கம். கடலில் போனவர்கள், காணாமல் போனவர்கள், எல்லோருக்கும் அந்த ஒரு இடம். ஆண்டுதோறும் யூட்டுக்கும் அங்கே ஒன்று. இன்று இடமில்லாமல் மற்றவர்களின் மெழுகின் மேல் வைத்தேன். பக்கத்தில் எமல்டா தன் தம்பிக்கு ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய திரி அணைந்தது. என்னுடையதால் கொளுத்திக் கொடுத்தேன்.

பங்குச் சுவாமி குடையோடு வந்தார். சிறுபிள்ளை, குருப்பட்டம் பெற்று இரண்டு வருடம் இராது. கேட்டேன்.

"சுவாமி, உடம்பில வெட்டின துண்டைச் சேமக்காலையில வைக்கலாமோ?"

"கை கால் எண்டால் வைக்கிறவை அம்மா."

"இது வயித்துத் தோல்."

யோசித்தார். "எவ்வளவு பெரிசு?"

"தலகாணி அளவெண்டு வையுங்கோ."

குடைக் கம்பியைப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று அவருக்கு யாரோ நன்றாகப் படிப்பித்திருக்கிறார்கள். பிறகு ஏன் என்று கேட்டார். சொன்னேன். மூன்று வசனம். அதற்குமேல் தேவைப்படவில்லை.

குடையை என் பக்கம் சாய்த்து மழையில் நின்றார்.

"ஐயாவின்ர கல்லறையில ஓரமாய் வைக்கலாம். நான் வந்து செபிக்கிறன். ஆனா ஆசுப்பத்திரி தருமோ எண்டு முதல் கேளுங்கோ."

நவம்பர் 3, திங்கள்

நி.யை நானே அழைத்தேன். இந்த முறை சொன்னேன். அண்ணா ஒருவன் இருந்தான் என்று அவளுக்குத் தெரியும், பெயர் தெரியும். மிச்சம் தெரியாது. தழும்பு போய்விடும் என்றேன்.

நி. கேட்டது:

"அம்மா, அந்த வெட்டாலதானே நானும் வந்தனான்?"

ஓம். அதே கோட்டில்தான் இரண்டாம் தரமும் திறந்தார்கள். இத்தனை நாளும் அதை நான் அவனுடையதாகவே வைத்திருக்கிறேன்.

"உன்னை நான் போனில பாக்கிறன் பிள்ளை. அவனை எங்க பாக்கிறது?"

அழுதாள். பிறகு, "அப்ப வயித்தை விடுங்கோ அம்மா. கையைச் செய்யுங்கோ. அது இருக்கட்டும்."

விடமுடியாது. புண் சாரத்தில் ஒட்டுகிறது, இன்று காலையும் இரத்தம். அவனுக்காக அழுகிய உடம்போடு கடைசி வாங்கில் இருந்து சாவதை அவனும் கேட்கமாட்டான். எனக்கும் இன்னொரு முறை முன்வாங்கில் இருக்க ஆசை இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

கல்யாணப் படத்துக்கு நீளக் கைச் சட்டை தைப்பிக்கிறேன் என்றேன். நி. நிறம் கேட்டாள். சாம்பல் நீலம்.

நவம்பர் 4, செவ்வாய்

வாடை தொடங்கிவிட்டது. பேனைக் கோடு முற்றாகப் போய்விட்டது. இன்று தேடியும் காணவில்லை.

காலை டொக்டரின் இடத்திலிருந்து பெண் ஒருத்தி போனில். பத்தொன்பதாம் திகதி சரியோ என்று கேட்டாள். தழும்பைப் பற்றிக் கேட்டேன். "ஓம் ஓம், எல்லாம் செய்வினம்" என்றாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பிரதி இங்கே:

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

பத்தொன்பதாம் திகதி எனக்குச் சம்மதம். வயிறு மட்டும். கைகள் வேண்டாம். அதற்கு முன் கேட்க வேண்டியவை:

வெட்டைக் கொஞ்சம் கீழே தொடங்கி, பழைய தழும்பின் மேல் முனையில் ஒரு முத்திரை அளவாவது விடமுடியுமா? பார்வைக்கு அழகாக இராது என்று எனக்குத் தெரியும். அழகுக்காக நான் வரவில்லை.

விடமுடியாது என்றால், வெட்டியதை ஆஸ்பத்திரி என்னிடம் தருமா? பங்குச் சுவாமி அனுமதி தந்திருக்கிறார். கணவரின் கல்லறையில் அடக்குவோம். எரிப்பதுதான் விதி என்றால் அதையும் இப்போதே சொல்லவும்.

தருவதானால் எந்தப் பாத்திரம் கொண்டுவருவது, மன்னார் வரை பழுதாகாமல் எப்படிக் கொண்டுபோவது? என் மருமகள்முறையான பிலோமினா கொண்டுபோவாள்.

அந்தத் தழும்பின் வழியாக எனக்கு ஒரு மகன் பிறந்தான். உங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது என்று எண்ணுகிறேன்.

போனில் சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.