அப்பாவுக்கு வந்த விளையாட்டுப் புத்தகம்

தென்காசி

அன்புள்ள மகன் ஜெகதீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி எங்கள் இருவரையும்விடச் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாரிச்செல்வியும் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி, அதனால் நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய விளையாட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. அப்பா டிவியில் ஆடுகிற வீடியோ ஆட்டத்தில் எந்தக் கதவு எங்கே, எந்தப் பூதத்தை எப்படிக் கொல்வது என்று படம் போட்டுச் சொல்ல ஒரு புத்தகம், அதுவும் கல்யாண ஆல்பம் கனத்தில். எதிர்வீட்டு செல்போன் கடை ரபீக் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, யூடியூப்ல சும்மா கிடைக்கதுக்கு எதுக்குப் புஸ்தகம், இதப் பாத்து ஆடுதது கேள்வித்தாள முன்னாலயே வாங்கிட்டுப் பரீட்சைக்குப் போற மாதிரில்லா' என்று சிரித்தான். அப்பா விடுவாரா, 'எம் மவன் அனுப்பிருக்காம்லே, நீ ஒன் சோலியப் பாரு' என்று சொல்லிவிட்டு அதற்குப் பிரவுன் அட்டை போட்டுவிட்டார். உன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டது நான்தான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

ஆட்டத்தில் வருகிற அந்த அருவி முன்னால் அவர் மாட்டிக்கொண்டு நின்ற கூத்து உனக்குத் தெரியும். அருவிக்குப் பின்னால் குகை இருக்கிறது, உள்ளே நுழைய வேண்டும். குற்றாலத்தில் வெள்ளம் அருவிக்கரை ஆர்ச்சைத் தாண்டினால், சீசனுக்குச் சீசன் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டிய போலீஸ்காரர் நுழைவாரா? 'ஆர்ச்சத் தாண்டித் தண்ணி விழுது, இதுக்குள்ள எவம்லே போவான்' என்று ஆட்டத்து வீரனைக் கரையிலேயே நிறுத்தி, தண்ணீர் குறையட்டும் என்று காத்திருந்தார். ஆட்டத்தில் தண்ணீர் எங்கே குறையும்? நானும் சுண்டல் அவித்துக் கொடுத்துக் காத்திருந்தேன், என் சீரியல் போனதுதான் மிச்சம்.

புத்தகம் வந்தபிறகு அவர் அந்த அருவியைப் பற்றிக் கேட்டதற்கு, 'புக்லயே இருக்குப்பா, பாத்துக்கோங்க' என்று போனை வைத்துவிட்டாய். உனக்கு வேலை இருந்திருக்கும். அப்பா போனைக் கையில் வைத்தபடியே 'நாம நச்சரிக்கோம்னுதான் புஸ்தகத்த அனுப்பிட்டாம் போல' என்றார். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. இந்த ஆட்டம் வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பேசின பேச்சு என்ன? 'சாப்பிட்டியாலே', 'சாப்பிட்டேம்ப்பா', 'இந்தா அம்மாட்ட குடுக்கேன்', அவ்வளவுதானே. கதவு எங்கே, சாவி எங்கே என்று ஆரம்பித்துத்தான் உன் ஆபீஸ், உன் மேனேஜர், மாரிச்செல்வியின் டிரைவிங் டெஸ்ட் என்று மணிக்கணக்காகப் பேசக் கற்றுக்கொண்டார்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். பண்பொழி கோயிலுக்குப் போனவள் சீக்கிரமே பஸ் கிடைத்துத் திரும்பிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது, வீரன் அருவிக்குள் புகுந்து, குகையில் பெட்டியைத் திறந்து, வாளையும் எடுத்துவிட்டான். அப்பா தன்னந்தனியாகச் சபாஷ் போட்டுக்கொள்கிறார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அதுவரை ஆடினதைச் சேவ் பண்ணாமல் அணைத்துவிட்டார். திரும்பப் போட்டால் வீரன் பழையபடி கரையில். நான் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன், புத்தகம் தலையணைக்கு அடியில் போனது. 'இன்னும் தண்ணி கொறையல' என்றார் என்னிடம், முகத்தில் ஒரு களங்கம் இல்லாமல்.

ஆகவே மகனே, புத்தகம் நல்ல புத்தகம்தான், வழியைச் சரியாகவே சொல்கிறது, காசு வீணில்லை. ஆனால் அவருக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்க வேண்டும். இந்தப் பார்சல் வந்து சேரும்வரை எப்படியும் வீரனைக் கரையிலேயேதான் நிறுத்தியிருப்பார்.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே என்று மாரிச்செல்வியிடம் அல்ல, உன்னிடம்தான் சொல்கிறேன். திருமலைக் குமாரசாமி உங்கள் இருவருக்கும் துணை இருப்பார், நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள். அடுத்துப் பேசும்போது அருவிக்குள் எப்படிப் போவது என்று அப்பா கேட்பார். முதல்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, மெதுவாக வழி சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தவள்ளி