மெதுவாகச் சொன்ன ஆட்டம்

மச்சான்,

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி வாசலில் இன்று புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசனை வந்ததும் என் சைக்கிள் தானாக நின்றுவிட்டது. மெட்ராஸில் கோல்ஃப் ஆடிவிட்டு நீ மண்ணூருக்கு வரும்போதெல்லாம் உன் சட்டையில் இதே வாசனைதான் அடிக்கும்.

கோல்ஃப் என்றால் என்னவென்று இந்தத் தாலுகாவுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் நீ கல்கத்தாவில் ஜெயித்ததை நான் பஸ் ஸ்டாண்டில் சொன்னால், பந்து ஹூக்ளி ஆற்றையே தாண்டிப் போகும். "ஏன்டா இப்டி அளக்கற" என்பாய், சிரித்துக்கொண்டே.

தொண்ணூற்றொன்றில் உன் மணிக்கட்டு போயிற்று. இனி மட்டையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ரேடியோவில் ஆட்டத்தைத் தமிழில் சொல்ல ஒரே ஒரு நாள் கூப்பிட்டார்கள். "இதுவும் சரியா வரலன்னா புல்லு பக்கமே போவ வழியில்ல மச்சான்" என்றாய். உன் முகத்தை அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் ஊரையே கூட்டிவிட்டேன். ஆயிரம் பேர் இருக்கும். கடை கொள்ளாது என்று பாதிப் பேர் வரவில்லை. ரேடியோவில் நீ பேச ஆரம்பித்தாய். குரலே எழும்பவில்லை.

"இன்னாபா, உன் ஆளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் கடைக்காரர்.

"பேட்டரி வீக்கா கீது, வெயில்ல வை" என்றான் இன்னொருவன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சு மேல் ஏறி உனக்குப் பதிலாக நானே கத்தினேன்: "பந்து கொக்குக் கூட்டத்தக் கிழிச்சிக்கினு போவுதுபா."

அப்போது ரேடியோவில் நீ சொன்னாய்: "கடைசி அடி. குழி பக்கத்தில்தான். அவர் மூச்சை அடக்குகிறார். நாமும் கொஞ்சம் அடக்கிக்கொள்வோம்."

கடை அடங்கியது. ஆற்றிக்கொண்டிருந்த டீ கையிலேயே நின்றது. வெளியே ஒரு டிரைவர் பஸ் இன்ஜினை அணைத்தார். ஏழு பஸ் அணைந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்று நிச்சயமாக அணைந்தது. 'டொக்' என்று பந்து விழுந்த சத்தம் கேட்டதும், "வுழுந்துச்சுபா" என்று துள்ளியவர் கடைக்காரர்தான்.

அடுத்த போட்டிக்கும் உன்னையே கூப்பிட்டார்கள். ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினாய் என்று கேட்டேன். "பக்கத்துலயே நிக்கறேன்டா. ஆடறவன் காதுல வுழுந்தா அவன் கை ஆடிப்பூடும். கை போனவனுக்குத் தெரியாதா?" என்றாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போது டிவியில் எந்த ஆட்டத்தைத் திருப்பினாலும் சொல்கிறவர்கள் எல்லோரும் கத்துகிறார்கள்.

இன்று அந்த வாசலில் நின்று இதையெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னா பெர்சு, யாராண்ட பேசினுகீற?" என்றார் வாட்ச்மேன். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அந்தப் புல்லுக்கு முன்னால் எழும்பவேயில்லை.

"ஒருத்தர் அடிக்கப் போறாரு. கொஞ்சம் சும்மா இரு" என்றேன்.

அவரும் புல்லைத் திரும்பிப் பார்த்தார், மச்சான். மூச்சுகூட விடவில்லை.