இரண்டாம் பெட்டியில் மூன்று ஸ்லைடுகள்

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். முதல் பெட்டியின் முப்பது ஸ்லைடுகளிலும் உள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி முடித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை எண்ணினேன். இரண்டுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. அப்படியும் தவறு இருக்கலாம். எழுபத்துநான்கு வயதுக் கண்.

ஸ்லைடு பற்றிப் போனில் பேசக்கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நீ விதி போட்டது உன் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "பெத்த பொண்ணுக்கு லெட்டர் போட்டு எலிய விசாரிக்கிற அப்பாவ இப்பதான் பாக்கறேன்" என்கிறாள்.

நேற்று உட்காரவைத்து விளக்கினேன். நஞ்சை ஓர் எதிர்ப்புரதத்தோடு பிணைத்து எலியின் மூளையில் செலுத்துகிறார்கள். அந்தப் புரதம் ஒரே ஒரு வகைச் செல்லைத்தான் தேடிப் பிடிக்கும். நஞ்சு அதற்குள் மட்டும் இறங்கும், பக்கத்துச் செல் தப்பிவிடும். பாதி எலிகளுக்கு நஞ்சு, பாதிக்கு வெறும் உப்புநீர். பிறகு தொட்டியில் நீந்தவிட்டு, தண்ணீருக்கடியில் இருக்கும் மேடை நினைவிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் மூளையை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி எனக்கு அனுப்புகிறார்கள். பழுப்பாகத் தெரிவதெல்லாம் மிஞ்சிய செல். எது எந்த எலி என்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.

"ஏன், சொன்னா என்னவாம்?"

"சொன்னா கண்ணு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

"ஆஸ்பத்திரி லேப்ல முப்பத்துநாலு வருஷம் எண்ணினது போதாதுன்னு இப்ப எலியா?" என்று எழுந்து போய்விட்டாள். ஆனாலும் மேசை விளக்குக்குப் புது பல்பு வாங்கி வைத்திருக்கிறாள்.

அட்டவணை உள்ளே இருக்கிறது. பெட்டியை உன் லேப் வேன்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டவணை வந்தது. என் மாணவர்கள் யாருடையதும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இரண்டாம் பெட்டியை வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன், 31 முதல் 60 வரை.

இங்கே தலைக்குமேல் வேலை. உப்புநீர் எலிகளில் ஐந்து, அறுவை முடிந்து எழுந்திருக்கவே இல்லை. மார்ச் மாதம் அறிக்கை போக வேண்டும். ஆய்வுக்குழு வாரத்துக்கொரு கேள்வி அனுப்புகிறது. நீங்களாவது அவசரப்படாமல் எண்ணுங்கள்.

அம்மாவை எலிகள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

பெட்டி வந்து எட்டு நாளாகிறது. பாதி முடிந்தது. வேலை தொடர்பாகச் சில கேள்விகள். அநாவசியமாகத் தோன்றினால் விட்டுவிடு.

இறந்த ஐந்து எலிகளுக்குப் பதிலாக வேறு எலிகள் வாங்கினீர்களா? ஸ்லைடில் எண் ஒட்டுவது யார்? ஒரு லேபிளின் மேல் இன்னொன்றை ஒட்டும் வழக்கம் உண்டா? சிலவற்றின் ஓரத்தில் பசை இரண்டு அடுக்காகத் தெரிகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிச் செய்தால் எழுதிவைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போதைய முறை எனக்குத் தெரியாது.

வேன்காரருக்குத் தேநீர் கொடுத்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான். "சார், நான் பெட்டியத் தூக்கறவன், தொறக்கறவன் இல்ல" என்றார். பிறகு அவராகவே, "ஆனா போன வாரம் மேடமே உக்காந்து லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தாங்க. எங்க எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. பரீட்சைப் பேப்பர் கணக்கா அப்படி ஒரு ரகசியம்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வேலைச் சுமையில் மனிதர்கள் எதையாவது செய்துவிடுவார்கள். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

எலிகள் புதிதாக வாங்கவில்லை, அதற்கு நேரமில்லை. லேபிள் பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள். என்னால் சொல்ல முடியாது. வேன்காரரிடம் விசாரிப்பதும் வேண்டாம், இங்கே அது வேறுமாதிரிப் பேச்சாகிவிடும்.

கண்ணில் படுவதை எண்ணி எழுதுங்கள், அது போதும்.

மகள்


மார்ச் 1

அன்பு மகளுக்கு,

இரண்டாம் பெட்டியும் முடிந்து வேன்காரரிடம் போய்விட்டது. அட்டவணை உள்ளே. எண்களைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. யார் பார்த்தாலும் கேள்வி வராது என்று நினைக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் உனக்குத் தவறுதலாக நான்கு மதிப்பெண் கூடப் போட்டதும், நீயே போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும் ஏனோ இன்று நினைவுக்கு வந்தது. அன்று முழுக்க நீ அழுதாய். சும்மா எழுதத் தோன்றியது.

உன் அம்மா நீ இளைத்துவிட்டதாகச் சொல்கிறாள். போனில் குரலைக் கேட்டே எடையைக் கண்டுபிடிப்பவள்.

அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று முறை கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன். பதறாமல் படியுங்கள்.

இரண்டாம் பெட்டியில் 34, 41, 52 ஆகிய மூன்றும் புதிய ஸ்லைடுகள் இல்லை. முதல் பெட்டியில் 6, 17, 23 என்று நீங்கள் எண்ணியவைதான். பழைய எண்ணின்மேல் புதிய எண்ணை நான்தான் ஒட்டினேன். எண்ணுபவர் இரண்டு தடவையும் ஒரேமாதிரி எண்ணுகிறாரா என்று பார்க்க எல்லா இடத்திலும் செய்வதுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது சோதனையாக இருந்திருக்காது. அதனால்தான் உங்கள் கேள்விகளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா, முதலில் 212 என்று எழுதிய ஸ்லைடுக்கு இப்போது 187 என்று எழுதியிருக்கிறீர்கள். 198 என்றது 226 ஆகியிருக்கிறது. 205 என்றது 171. ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே மறுபடி எண்ணுகிறவர் நீங்கள்.

அம்மாவிடம் சாடையாகக் கேட்டேன், அப்பா எதையாவது மறக்கிறாரா என்று. "கல்யாணமான நாளா குடைய எங்க வெச்சேன்னு தேடறாரு. அதுவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தச் செல்களை நஞ்சு வைத்துக் கொல்கிறேனோ, மறதி நோய் வந்தவர்களுக்குக் குறைந்துபோகிற செல்களும் அவைதான். எட்டு வருஷமாக மேடையைத் தேடிச் சுற்றிச்சுற்றி நீந்தும் எலிகளைப் பார்க்கிறேன். இப்போது கண்ணை மூடினால் உங்கள் முகம் வருகிறது.

நரம்பு மருத்துவர் ஒருவரிடம் 24ஆம் தேதி நேரம் வாங்கியிருக்கிறேன். நானே வந்து அழைத்துப் போகிறேன். அறிக்கை எப்படியாவது போகட்டும். உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

உங்கள் மகள்


மார்ச் 14

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. இந்த இரண்டு நாளும் நான் என்ன யோசித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னோடு மருத்துவரிடம் வந்து, நான்கு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று யோசித்தேன். நீ என்மேல் இரக்கப்படுவாய். கோபப்படமாட்டாய். அது எனக்குச் சுலபமாகத் தோன்றியது.

எனக்கு மறதி இல்லை.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஒவ்வொரு ஸ்லைடையும் எண்ணுவதற்குமுன் ஒரு நோட்டில் அதன் உருவத்தை வரைந்துவைப்பேன். ரத்தக்குழாய்த் துளைகள், கிழிசல், மடிப்பு எல்லாம் அதில் வரும். இரண்டு மூளைகளுக்கு ஒரே கிழிசல் இருக்காது. 34ஐ வரையும்போதே கை நின்றுவிட்டது. பக்கத்தைப் புரட்டினேன், ஆறாம் எண். அடுத்த வாரம் 41. அதற்கடுத்து 52. மூன்றிலும் செல்கள் நிறைய இருந்தன, உப்புநீர் எலிகளாகத்தான் இருக்க வேண்டும். உனக்குக் குறைந்ததும் உப்புநீர் எலிகள்தான். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நீ லேபிள் ஒட்டினாய். கேட்டால், கேட்காதீர்கள் என்றாய்.

செத்துப்போன எலிகளின் இடத்தில் ஒரே எலியை இரண்டாகக் காட்டுகிறாய் என்று முடிவுசெய்தேன். உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியமில்லை. நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப்பின் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கை இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மாற்றி எழுதினேன். ஒன்றைக் கூட்டி இரண்டைக் குறைத்தேன், இயல்பாகத் தெரிய வேண்டும் என்று. வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் எண்ணிக்கை எழுதினேன். அதையும் வழக்கம்போல் நிதானமாகத்தான் செய்தேன்.

நிஜமாக எண்ணியது 211, 199, 205. நோட்டில் பென்சிலால் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். மீதி இருபத்தேழும் நேர்மையாக எண்ணியவை. இனி அதை நீ நம்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா


மார்ச் 20

அப்பாவுக்கு,

நோட்டு வந்தது. படங்களை ஸ்லைடுகளோடு வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. உங்கள் கண்ணுக்கும் மூளைக்கும் ஒன்றுமில்லை. மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்துசெய்துவிட்டேன். பத்து நாள் அழுததற்கு இது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

எல்லா ஸ்லைடுகளையும் வேறொருவர் முதலிலிருந்து எண்ணுவார். அறிக்கை ஆறு மாதம் தள்ளிப்போகிறது. மைக்ரோஸ்கோப்பை வாங்கிவர வேன்காரர் புதன்கிழமை வருவார். கட்டிவையுங்கள்.

இந்தச் சோதனையைக் கேட்டது நான் இல்லை. ஜனவரியில் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒருவர், "அப்பா எண்ணி, பொண்ணு எழுதற அறிக்கை. பொண்ணுக்காக நம்பர மாத்திட மாட்டாரா மேடம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, "எங்கப்பாவ உங்களுக்குத் தெரியாது. என்ன சோதனை வேணும்னாலும் வைங்க" என்று கத்திவிட்டேன். லேபிள் ஒட்டிய அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் முகத்தில் அந்த எண்களை வீசப்போகிறேன் என்ற சந்தோஷம்.

வியாழக்கிழமை அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லப்போகிறேன். நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பதைச் சொல்லமாட்டேன். மகளைத் திருடி என்று நினைத்ததால் செய்தார் என்று எந்த வாயால் சொல்வேன்?

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மகள்