கெட்டில் கிரீக்கை நாங்கள் தோற்கடிக்கும் வரை

அனுப்புநர்:
முனைவர் லோவெல் ஹாக்ஸ்ட்ரா,
இணைப் பேராசிரியர், பண்டைய வரலாறு,
லார்ன்ஃபீல்ட் மாநிலக் கல்லூரி
(நூலகத்தின் நிலவறை, கொதிகலனுக்கு அடுத்த அறை),
லார்ன்ஃபீல்ட், தெற்கு டகோட்டா.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மேற்குச் சமவெளிக் கல்லூரிகள் கால்பந்துக் கூட்டமைப்பு,
ஓமஹா, நெப்ராஸ்கா.

பொருள்: கூட்டமைப்பு விரிவாக்கம் – கெட்டில் கிரீக் கல்லூரி அணியை மேல்பிரிவுக்கு மாற்றுதல் – அதனால் லார்ன்ஃபீல்டுடனான நவம்பர் ஆட்டம் நின்றுபோதல் – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: "புதிய எல்லைகள்" என்ற தலைப்பில், வழுவழுப்பான தாளில், தங்கள் அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மேற்படி சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்துடனும், இரண்டாம் முறை பிழைகளைத் திருத்தும் பேனாவுடனும் படித்தேன். அதன் பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

1. நான் கெட்டில் கிரீக்கின் நண்பன் அல்லன் என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பதினோரு மைல் தள்ளியிருக்கும் அக்கல்லூரியில் படிப்பவர்களைவிட எங்கள் கல்லூரியின் வாகன நிறுத்தத்தில் நிற்கும் கார்கள் அதிகம். அவர்கள் மைதானத்தில் ஒரு பக்கம்தான் இருக்கை வரிசை உண்டு, மறுபக்கம் சோளக்காடு. அவர்களின் வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுபவர் ஊர்ப் பல் மருத்துவர். இப்படிப்பட்ட கல்லூரி, நான் இளைஞனாக இங்கு வேலைக்குச் சேர்ந்த ஆண்டு முதல் சென்ற ஆண்டு வரை, ஒவ்வொரு நவம்பரிலும் எங்களைத் தோற்கடித்து வந்துள்ளது. இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன்.

2. இரு கல்லூரிகளுக்கும் இடையே பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. சனிக்கிழமை தோற்கும் கல்லூரியின் ஆசிரியர்கள், மறுநாள் காலை, வென்ற அணிக்கும் அந்த ஊருக்கும் பான்கேக் சுட்டுப் பரிமாற வேண்டும். அவர்கள் வென்றால் அவர்களுடைய லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். நாங்கள் வென்றால் எங்கள் கல்லூரி உணவகத்தில். எங்கள் உணவகத்தில் இதற்கென்று வாங்கிய பெரிய பான்கேக் கல் இன்னும் பெட்டியிலிருந்து பிரிக்கப்படவில்லை. ஆரம்பத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் என்னுடன் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் அந்த ஞாயிறன்று முதுகுவலி வரத் தொடங்கியது. சில ஆண்டுகளாக நான் மட்டுமே செல்கிறேன்.

3. அந்தத் தேவாலய அடுக்களையின் பொறுப்பாளர் திருமதி ஆர்டிஸ் க்வாம். தானியக் கிடங்கில் எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கென்று ஒரு சமையல் ஏப்ரன் வைத்திருக்கிறார். அதில் என் பெயரை நீல நூலால் தைத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு முந்தின நாள் எனக்குத் தொலைபேசியில் அவர் கூறியதை அப்படியே தருகிறேன்: "ஏம்ப்பா லோவெல், உன் ஏப்ரனை இஸ்திரி போட்டு வச்சிட்டேன். மேட்ச் நாளைக்குத்தான், தெரியும். இருந்தாலும் கடைசி நேரத்துல கசங்கலா கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது பாரு." ஓர் அரசுக் கல்லூரியின் இணைப் பேராசிரியரிடம் பேசும் முறை இதுவா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன். நான் சுடும் பான்கேக்கை அவர் ஒவ்வொரு ஆண்டும் கரண்டியால் பிட்டுப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நடுவுல வேகலையேப்பா" என்பார். வெந்திருக்கும்.

4. சிறிய அணி எப்படித் தொடர்ந்து வெல்கிறது என்று தங்கள் சுற்றறிக்கை வியக்கிறது. "மாயம்" என்றும் ஓரிடத்தில் குறிப்பிடுகிறது. மாயம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த காரணங்களைக் கீழே தருகிறேன். இவை உளவு பார்த்துச் சேகரித்தவை அல்ல. மாவு கலக்கும்போது காதில் விழுந்தவை.

அவர்களின் பயிற்சியாளர் திரு. மெர்ல் ஓஸ்ட்பி, நான் வருவதற்கு முன்பிருந்தே அங்கு இருக்கிறார். அன்று ஆடிய அதே ஆட்ட முறையைத்தான் இன்றும் ஆடுகிறார். பந்தைக் கையில் எடு, இடப்பக்கம் ஓடு. எல்லோருக்கும் தெரியும், யாராலும் தடுக்க முடியவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பயிற்சி தருபவர்கள் எல்லோரும் அவரிடம் ஆடியவர்கள். ஆகவே ஒரு சிறுவன் பத்து வயதில் கற்பதையே இருபத்திரண்டு வயதிலும் ஆடுகிறான். கல்லூரிக்கு வந்த முதல் ஆண்டு யாரையும் மைதானத்தில் இறக்குவதில்லை. அந்த ஆண்டு முழுக்க அவன் பயிற்சியில் எதிரணியாக நின்று அடி வாங்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும். நான்காம் ஆண்டு ஆட்டக்காரன், தன் இடத்துக்கு வரப்போகிற பையனுக்குத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதுதான் மொத்தமும்.

ஒருமுறை திரு. ஓஸ்ட்பியிடம் இதையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்லி, வேறு ஏதேனும் ரகசியம் உண்டா என்று கேட்டேன். பான்கேக் மீது இனிப்புச் சிரப்பை ஊற்றிக்கொண்டே அவர் சொன்ன பதில்: "ரகசியம்னு என்ன இருக்கு புரொஃபசர்? எங்க பசங்களுக்குப் போறதுக்கு வேற இடம் கிடையாது. உங்க பசங்களுக்குத்தான் நிறைய இடம் இருக்கு." உண்மைதான். எங்கள் கல்லூரி அதே காலத்தில் ஆறு பயிற்சியாளர்களை மாற்றியது. ஒவ்வொருவரும் புதிய ஆட்ட முறையுடன் வந்தார்கள். வெயில் மாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்; அவர்கள் முதல் பனி விழுந்ததும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள், இரண்டாம் பனிக்கு வேறு கல்லூரி தேடினார்கள். நாங்கள் பெரிய மின்திரை ஒன்றும் வைத்தோம். எங்கள் தோல்வி இப்போது நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது.

5. இனி விரிவாக்கம். தொலைக்காட்சிக்காக மூன்று பெருநகரப் பல்கலைக்கழகங்களைத் தாங்கள் சேர்க்கவிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்று கடற்கரையில் இருக்கிறது. கூட்டமைப்பின் பெயரில் உள்ள "மேற்கு" என்ற சொல்லுக்கும் "சமவெளி" என்ற சொல்லுக்கும் இனி என்ன பொருள் என்று ஓர் ஆசிரியன் என்ற முறையில் கேட்கிறேன். அடுத்த ஆண்டு முதல் கூட்டமைப்பு மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டாகும். வென்றுகொண்டே இருப்பதால் கெட்டில் கிரீக் மேலே போகும். தோற்றுக்கொண்டே இருப்பதால் நாங்கள் கீழே இருப்போம். பல் மருத்துவர் டிராம்போனைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் கடற்கரைக்குப் போவார். பதினோரு மைல் தள்ளியிருக்கும் எங்களுடன் ஆட அவர்களுக்கு நாள் இருக்காது.

6. கெட்டில் கிரீக் மக்கள் இதை ஏகமனதாக வரவேற்றதாகத் தங்கள் துணை ஆணையர் அறிக்கை அளித்திருக்கிறார். அது தவறு. அவர் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை, அவர் ஃபுளோரிடாக்காரர்.

அவர் ஊராரைக் கூட்டிப் பேசிய அன்று நானும் அந்தத் தேவாலயக் கீழ்த்தளத்தில் இருந்தேன். பெரிய காபிப் பாத்திரத்தைத் தூக்க ஆள் வேண்டுமென்று திருமதி க்வாம் அழைத்திருந்தார். ஊரில் அத்தனை பயில்வான்கள் இருக்க, பதினோரு மைல் தள்ளியிருக்கும் என்னை ஏன் அழைத்தார் என்று நான் கேட்கவில்லை. துணை ஆணையர் படங்களெல்லாம் போட்டுக் காட்டி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து தன் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். அடுத்தவரும் மடக்கினார். திருமதி க்வாம் எலுமிச்சைக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றித் துணை ஆணையர் கையில் கொடுத்தார். "ரொம்ப விவரமாச் சொன்னீங்க தம்பி. ரோடு வழுக்கும், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடுங்க. கேக்கை வண்டியில வச்சுச் சாப்பிடுங்க." துணை ஆணையர் நெகிழ்ந்துபோனார். அறிக்கையில் கேக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அம்மையீர், இந்தப் பக்கத்தில் ஒருவரை விரட்டும் முறை அதுதான். இவர்களுக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தால் சண்டை போடுவார்கள். பேருந்து எங்கே நிற்க வேண்டும், சாண்ட்விச் யார் கொண்டுவருவது, போன தடவை கடுகுச் சாஸை மறந்தது யார் என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் விவாதிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் நாற்காலியை மடக்குவார்கள். ஒரு விருந்தாளி கிளம்பும் முன்பே நாற்காலி மடக்கப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். இதைவிடக் கடுமையான "முடியாது" இந்த மாவட்டத்தில் கிடையாது.

அவர் கார் போன பிறகு நடந்த உரையாடலையும் பதிவு செய்கிறேன். திரு. ஓஸ்ட்பி, "மேல்பிரிவா? நாம இத்தனை நாள் கீழ இருந்ததே எனக்குத் தெரியாதே" என்றார். சிலர் சிரித்தார்கள். திருமதி க்வாம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அப்ப நவம்பர்ல யாரு வந்து சமைப்பா?" என்று கேட்டார். நான் காபிப் பாத்திரத்தைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது.

7. எங்கள் கல்லூரியின் ஒப்புதலையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். எங்கள் தலைவர் திரு. பிரெண்ட் கல்லாகர் ஆசிரியர் கூட்டத்தில், "நண்பர்களே, ஒரே கையெழுத்துல நம்ம தோல்வியெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று அறிவித்தார். கை தட்டினார்கள். நான் எழுந்து, "தோல்வி முடியலை சார். எதிரியை அனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றேன். "லோவெல், உங்க கருத்தைக் குறிச்சு வச்சுக்கிறோம்" என்றார். என் அறையை நிலவறைக்கு மாற்றியபோதும், விளையாட்டுக் குழுவிலிருந்து என்னை நீக்கியபோதும் அவர் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். அந்தக் குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்று அறிய ஆவலாக உள்ளேன்.

8. இப்போது முக்கியமான செய்தி. எங்கள் ஏழாவது பயிற்சியாளர் திரு. ரூபன் எஸ்கலான்டே டெக்சாஸ்காரர். ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். மாவு கலக்கும்போது எனக்குத் தெரிய வந்தவற்றை அவரிடம் ஒப்படைத்தேன். அவரும் முதலாண்டுப் பையன்களை உட்கார வைத்தார். பக்கத்துப் பண்ணைகளிலிருந்தே ஆள் எடுத்தார். மின்திரையை அணைத்தார். சென்ற நவம்பரில் கெட்டில் கிரீக்கிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி உதையில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரு. ஓஸ்ட்பி என் கையைப் பிடித்து, "புரொஃபசர், உங்க ஆளு ஏதோ பண்றாரு. எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றார். பனிக்காலம் முழுவதும் அந்த வாக்கியத்தை வைத்துக் கழித்தேன்.

ஆனால் உட்கார வைத்த பையன்கள் முழுதாகத் தேற இன்னும் ஓராண்டு வேண்டும். திரு. எஸ்கலான்டே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: "இந்த நவம்பர் கஷ்டம் சார். அடுத்த நவம்பர் பாருங்க, அவங்களை வச்சுச் செஞ்சிடலாம்." அந்த அடுத்த நவம்பரைத்தான் தாங்கள் வழுவழுப்பான தாளில் அழித்திருக்கிறீர்கள்.

9. இந்த ஆட்டத்தில் எனக்கு என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவி என்னைப் பிரிந்து சென்ற ஆண்டிலும் நவம்பர் வந்தது, நாங்கள் தோற்றோம், நான் சமைக்கப் போனேன். திருமதி க்வாம் ஒன்றும் விசாரிக்கவில்லை. வழக்கமாகத் தருவதைவிட இரண்டு கிண்ணம் மாவு கூடுதலாகக் கொடுத்து, "மெதுவாச் சுடு, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மற்ற ஞாயிறுகளில் நான் காலை உணவை நின்றபடியே முடிப்பவன். இத்தகவலுக்கும் மனுவுக்கும் தொடர்பில்லை.

10. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

கெட்டில் கிரீக் கல்லூரியை மேல்பிரிவுக்கு மாற்றும் ஆணையை, லார்ன்ஃபீல்ட் அணி அதனை ஒரு முறையேனும் வெல்லும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்களைக் கடற்கரைக்கோ நிலவுக்கோ அனுப்பலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

அது இயலாதெனில், பிரிவு எதுவாயினும் அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் இரு ஊர்களுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். தொலைக்காட்சி வர வேண்டியதில்லை. சோளக்காட்டுப் பக்கம் கேமரா வைக்க இடமும் இல்லை.

துணை ஆணையரின் அறிக்கையில் "ஏகமனதாக வரவேற்றனர்" என்பதை "ஏகமனதாக நாற்காலியை மடக்கினர்" என்று திருத்த வேண்டும்.

இம்மனுவை எக்காரணம் கொண்டும் திருமதி க்வாமிடம் காட்டக் கூடாது.

11. எங்கள் உணவகத்தின் அலமாரியில் ஓர் ஏப்ரன் இருக்கிறது. அதில் "ஆர்டிஸ்" என்று சிவப்பு நூலில் தைத்திருக்கிறேன். தையல் எனக்குப் பழக்கமில்லை. கடைசி எழுத்து சற்றுக் கோணலாகியிருக்கிறது. இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். பெட்டியிலிருக்கும் கல்லைப் பிரித்து, அந்தப் பெண்மணி அதன் முன் நின்று எனக்கு ஒரு பான்கேக் சுட்டுத் தர வேண்டும். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் என் முன் தட்டை வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் உடனே பதில் சொல்லப் போவதில்லை. முள்கரண்டியால் மெதுவாகப் பிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, நடுவில் வேகவில்லை என்று சொல்வேன்.

வெந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இந்த நவம்பரும் ஏப்ரன் கட்டவிருக்கும்,
(ஒப்பம்)
லோவெல் ஹாக்ஸ்ட்ரா

இடம்: லார்ன்ஃபீல்ட்
நாள்: அக்டோபர் 14

இணைப்பு: ஏப்ரனின் புகைப்படம்.
நகல்: யாருக்கும் இல்லை. திரு. கல்லாகர் கேட்டால், அவர் கருத்தைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.